கேளுங்க சொல்றோம்: கார்ப்பரேஷன் நினைச்சா வெயில் குறையுமா?

போன இதழ்ல கோடை வெயிலைப் பத்தி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் போட்டாலும் போட்டோம், அதைப் பிடிச்சுக்கிட்டு லெட்டர், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்னு குவிஞ்சிடுச்சு. அதனால இந்த வாரம் சினிமா கேள்விக்கெல்லாம் லீவு. மாநகராட்சி, மழை, வெயில், குப்பை மட்டும்தான்.

கே: என் பொண்ணு இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கற ஊர்ல இருக்கா. அவங்க கவுன்சில் ‘பருவநிலை அவசரநிலை’ அறிவிச்சிருக்குன்னு பெருமையா சொல்றா. அப்படி அறிவிச்சா என்ன ஆகும்? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஸ்ரீரங்கம்)

ப: அறிவிச்ச அன்னைக்கு ஒண்ணும் ஆகாது சார். பூமி சூடாகறதை அவசரப் பிரச்சினையா எடுத்துக்கறோம்னு ஒரு தீர்மானம், அவ்ளோதான், அதனால கவுன்சிலுக்குப் புதுசா ஒரு அதிகாரமும் வந்துடாது. உலகத்துலயே முதல்ல இப்படி தீர்மானம் போட்டது ஆஸ்திரேலியாவுல மெல்போர்னை ஒட்டி இருக்கற டேர்பின் கவுன்சில், 2016 டிசம்பர்ல. பிரிட்டன்ல முதல் ஆளு உங்க பொண்ணு ஊர்தான், 2018 நவம்பர். பசுமைக் கட்சி கவுன்சிலர் கார்லா டெனியர் கொண்டு வந்தது, 2030க்குள்ள ஊர்லருந்து வெளியாகற, பூமியைச் சூடாக்கற கார்பன் வாயுவோட கணக்கை ஜீரோவுக்குக் கொண்டாரணும்னு. ஆறு மாசம் கூட ஆகல, பிரிட்டன் பார்லிமென்டே அதே மாதிரி ஒண்ணு போட்டுடுச்சு. அந்தம்மாவும் 2024ல எம்.பி. ஆயிட்டாங்க.

சரி, ஊருக்கு என்ன கிடைச்சுது? 2022 நவம்பர்லருந்து பழைய டீசல் காரை எடுத்துக்கிட்டு ஊருக்கு நடுவுல போனா ஒரு நாளைக்கு 9 பவுண்டு கட்டணும். ஆனா அது கார்பனுக்காகப் போட்டது இல்ல, நைட்ரஜன் டை ஆக்சைடு அளவு எல்லை மீறிப் போச்சுன்னு மேல இருந்து வந்த நெருக்கடி. ரெண்டையும் சேர்த்து ஒரே கணக்குல எழுதிக்கறாங்க, எழுதிக்கட்டும், காத்து சுத்தமானா நல்லதுதானே. அப்புறம் ஒரு அமெரிக்க கம்பெனி, ஒரு ஸ்வீடன் கம்பெனியோட சேர்ந்து 20 வருஷ ஒப்பந்தம் போட்டு, வீட்டுக்கு வீடு தனித்தனியா கேஸ் பாய்லர் வைக்கறதுக்கு பதிலா பைப்ல சுடுதண்ணி அனுப்பற வேலை, சோலார், கவுன்சில் வீடுகளுக்கு குளிர் உள்ள வராம அடைக்கற வேலைன்னு ஆரம்பிச்சிருக்காங்க. இதுதான் உருப்படியான சமாச்சாரம்.

இடிக்கற இடமும் ஒண்ணு இருக்கு. பிரிஸ்டல் ஏர்போர்ட் பேருக்குத்தான் பிரிஸ்டல், இருக்கறது பக்கத்து நார்த் சோமர்செட் கவுன்சில் எல்லையில. அதைப் பெருசாக்கக் கூடாதுன்னு அந்த கவுன்சில் 2020ல மறுத்துச்சு, ஆனா கம்பெனி அப்பீல் போய், 2022ல அரசாங்கத்தோட திட்ட ஆய்வாளர்கள் அனுமதி குடுத்துட்டாங்க. ஒரு ஊர்ல வெளியாகற கார்பன்ல உள்ளாட்சி நேரடியா பொறுப்பேத்துக்கற பங்கு 2 முதல் 5 சதவீதம்தான், கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா மூணுல ஒரு பங்கு வரைக்கும் அவங்க கை நீளும்னு பிரிட்டனோட பருவநிலைக் குழுவே 2020ல சொல்லியிருக்கு. பொண்ணு பெருமைப்படட்டும் சார், ஆனா அடுத்த தடவை போன் பண்ணும்போது இந்த மூணுல ஒரு பங்கைப் பத்திக் கேளுங்க.

கே: நம்ம சென்னை மாநகராட்சி இப்படி ஒரு தீர்மானம் ஏன் போடல? (கல்லூரி மாணவி, பெரம்பூர்)

ப: போடறதுக்கு அப்போ ஆளே இல்லம்மா! விளையாட்டுக்குச் சொல்லல. 2016 அக்டோபர்ல பழைய மாமன்றத்தோட காலம் முடிஞ்சுது, அடுத்த எலக்‌ஷன் நடந்தது 2022 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது, ஒரு அதிகாரி கையில மொத்த ஊரும். உலகம் முழுக்க கவுன்சில்கள் வரிசையா தீர்மானம் போட்ட காலம் கரெக்டா அதுதான். நமக்கு வர்தா புயல் வந்ததும், 2019ல ஏரியெல்லாம் காஞ்சு ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி வந்ததும், 2021 நவம்பர் வெள்ளமும் எல்லாமே அந்த இடைவெளியிலதான். உங்க தெருவுல தண்ணி நின்னா யார்கிட்ட போய் கத்தறதுன்னே தெரியாத வருஷங்கள்.

ஆனா தீர்மானம் இல்லாட்டியும் திட்டம் இருக்கு. 2023 ஜூன்ல ‘சென்னை காலநிலை செயல்திட்டம்’ வெளியாச்சு, சி40ங்கற உலக நகரங்கள் அமைப்போட சேர்ந்து பண்ணது, 2050ல நிகர பூஜ்யம்னு இலக்கு, அதாவது வெளிய விடற கார்பனும் திரும்ப உறிஞ்சற கார்பனும் சரிக்குச் சரி. முந்தின வருஷம் வரைவை கருத்து கேக்கறதுக்கு விட்டப்போ இங்கிலீஷ்ல மட்டும் விட்டாங்க, காசிமேட்டு மீனவர் எதைப் படிச்சு எந்தக் கருத்தைச் சொல்லுவார்னு சண்டை போட்ட பிறகுதான் தமிழ் வந்துது. உள்ள இருக்கற கணக்கு லேசான கணக்கு இல்ல: 2100க்குள்ள மாநகராட்சிப் பரப்புல 16 சதவீதம், அதாவது சுமார் 67 சதுர கிலோமீட்டர், நிரந்தரமா கடல்ல போயிடலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. எழுதினவங்க ஏதோ அமைப்புக்காரங்க இல்ல, நமக்கு வீட்டு வரி ரசீது குடுக்கற அதே மாநகராட்சி.

இன்னொரு கணக்கையும் பாருங்க. சென்னையோட கார்பன்ல சுமார் 71 சதவீதம் கட்டடங்களுக்கும் தொழிலுக்கும் போற கரன்ட், எரிபொருள்; 16 சதவீதம் வண்டி; 13 சதவீதம் குப்பையும் கழிவுநீரும். கரன்ட் மின்வாரியத்துக்கு, பஸ் எம்.டி.சி.க்கு, மெட்ரோ தனி கம்பெனி, பெரிய கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் சி.எம்.டி.ஏ., சாக்கடை மெட்ரோ வாட்டர், ஆறும் ஏரியும் நீர்வளத் துறை. மாநகராட்சி கையில முழுசா இருக்கறது குப்பை, மழைநீர் வடிகால், உள் ரோடு, தெருவிளக்கு, பார்க்கு, ஸ்கூலு. அதனால 2050 பத்தி மேயர் ஆர். பிரியா கிட்ட கேக்கறதைவிட குப்பையைப் பத்தி கேக்கறதுதான் நியாயம், அதுக்கு அவங்க வேற யாரையும் கை காட்ட முடியாது.

கே: அப்ப குப்பைக்கே வரேன். ரெண்டு டப்பா வெச்சு மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சுக் குடுக்கறேன். வண்டியில ஏத்தும்போது ஒண்ணா கொட்டிடறாங்க. நான் ஏன் பிரிக்கணும்? (இல்லத்தரசி, கொடுங்கையூர்)

ப: உங்க கோவம் நூத்துக்கு நூறு நியாயம் மேடம், அதுவும் கொடுங்கையூர்லருந்து கேக்கறீங்க, ஊர் குப்பை பூரா உங்க மூக்குக்கிட்ட. மேட்டர் என்னன்னா, சாப்பாட்டு மிச்சம், காய்கறித் தோல், இலை இதெல்லாம் குப்பைமேட்டுல அடியில போய் காத்து படாம அழுகும்போது மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடாக்கும், இருபது வருஷக் கணக்குல பாத்தா 80 மடங்கு. 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்குல எரிஞ்சுது ஞாபகம் இருக்கா, அந்த மாதிரி தீ பரவறதுக்கு இந்த வாயுவும் ஒரு காரணம். ராம்சார்ங்கற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தோட அங்கீகாரம் வாங்கின பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளயேதான் அந்தக் குப்பைமேடும் உக்காந்திருக்கு, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

பழைய குப்பையைத் தோண்டிச் சலிச்சுப் பிரிக்கற பயோமைனிங் வேலை பெருங்குடி, கொடுங்கையூர் ரெண்டு இடத்துலயும் எடுத்தாங்க, நல்ல வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா புதுசா வர்ற குப்பைக்கு கொடுங்கையூர்ல எரிஉலை வைக்கறேன்னு கிளம்பினாங்க, 2025ல உங்க ஏரியா ஜனங்க மனிதச் சங்கிலி போட்டு எதிர்த்தாங்க. என் கட்சி உங்க கட்சிதான். நம்ம ஊர் குப்பையில பாதிக்கு மேல ஈரம், ஈரத்தை எரிக்க முடியாது, நல்லா எரியறது பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கை எரிச்சா பெட்ரோலை எரிச்ச மாதிரிதான், அதுவும் அனல்மின் நிலையம், ரிஃபைனரி, குப்பைமேடுன்னு ஏற்கெனவே எல்லாத்தையும் தாங்கிக்கிட்டிருக்கற வடசென்னை தலையிலயே இதையும் வைப்பானேன்? இந்தூர் பாருங்க, 2022ல ஈரக்குப்பை மட்டும் ஒரு நாளைக்கு 550 டன் வாங்கி சி.என்.ஜி. எடுக்கற பிளான்ட் போட்டாங்க. அது ஓடறதுக்கு முக்கியக் காரணம் மிஷின் இல்ல, வீட்டு வாசல்லயே பிரிச்சு வாங்கற பழக்கம், வண்டியில தனித்தனி அறை. அதனால நீங்க பிரிக்கறதை நிறுத்தாதீங்க, வண்டியில பார்ட்டிஷன் இல்லாட்டி போட்டோ எடுத்து வார்டு ஆபீஸ்ல குடுங்க. தூய்மைப் பணியாளர் கிட்ட மட்டும் கத்தாதீங்க, வண்டியை டிசைன் பண்ணது அவரு இல்ல.

கே: மரம் நட்டா போதும்னு எங்க தலைவர் சொல்றாரே? (குடியிருப்போர் சங்க உறுப்பினர், கொளத்தூர்)

ப: நட்டவர் யாருன்னு பேனர் வைக்கறாங்க, மூணு வருஷம் தண்ணி ஊத்தினவர் யாருன்னு ஒரு பேனர் வைக்கச் சொல்லுங்க.

கே: கோடி கோடியா கொட்டி வடிகால் கட்டினாங்க. மிக்ஜாம் புயல்ல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அப்ப அந்தப் பணம்? (மெடிக்கல் ஷாப் உரிமையாளர், வேளச்சேரி)

ப: பணத்துக்கு கணக்கு கேக்கறது உங்க உரிமை சார், அதை நான் தடுக்க மாட்டேன். ஆனா வடிகால்னா என்னன்னு கொஞ்சம் பாத்துடலாம். அது தண்ணியைத் தெருவுலருந்து கால்வாய்க்கு, கால்வாய்லருந்து ஆத்துக்கு, ஆத்துலருந்து கடலுக்குத் தள்ளற பைப். 2023 டிசம்பர் 3, 4 தேதியில புயல் கரையை ஒட்டியே நகர்ந்து நகர்ந்து ஊத்துச்சு, ரெண்டு நாள்ல பல இடத்துல 40 செ.மீ.க்கு மேல, கடல் வேற பொங்கி முகத்துவாரத்துல தண்ணியை உள்ள வாங்க மாட்டேன்னுது. கடைசிக் கதவே சாத்தியிருக்கும்போது நடுவுல எவ்வளவு அகலமா சிமென்ட் பெட்டி கட்டி என்ன? கொசஸ்தலையாறு பக்கம் மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் உதவியோட 3,220 கோடி ரூபா திட்டம். வேலை நடந்த பல தெருவுல முன்னவிட சீக்கிரம் வடியுது, அது நிஜம். வேளச்சேரி கதை வேற, அங்க ஏரி சுருங்கி, தண்ணி போய்ச் சேர வேண்டிய பள்ளிக்கரணையும் சுருங்கி, அந்த இடத்துல நம்மளே குடியிருக்கோம்.

அதனாலதான் வடிகாலை விட எனக்குப் பிடிச்சது தண்ணியை அங்கங்கயே நிறுத்தற வேலை. 2021 வெள்ளத்துக்கப்புறம் வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்ல, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில போட்ட கமிட்டி, பார்க்குக்குள்ள பள்ளம் வெட்டற ஸ்பாஞ்ச் பார்க், கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்ததுக்கப்புறம் அங்க வெட்டின குளங்கள். கடைசியா சொன்னது ரொம்ப சரியான காரியம், ஊர் நடுவுல அவ்ளோ பெரிய வெத்து நிலம் இனிமே நமக்குக் கிடைக்காது. 2003ல ஜெயலலிதா வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு கொண்டாந்தாங்களே, அந்தக் குழியை கடைசியா எப்ப திறந்து சுத்தம் பண்ணீங்க? கேள்வி உங்களுக்கு மட்டும் இல்ல, இதைப் படிக்கற எல்லாருக்கும்தான்.

கே: நான் ஃபுட் டெலிவரி பாக்கறேன். மதியம் 12லருந்து 3 வரைக்கும் ரோட்லதான். இந்த திட்டத்துல எனக்கு என்ன இருக்கு? (மந்தைவெளி)

ப: தம்பி, இந்த இதழ்ல முக்கியமான கேள்வி உங்களோடதுதான். 2010 மே மாசம் அகமதாபாத்ல 46.8 டிகிரி அடிச்சுது, அந்த மாசத்துல வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல கூடுதலா செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் அந்த மாநகராட்சி 2013ல வெயில் செயல்திட்டம்னு ஒண்ணு போட்டுது, தெற்காசியாவுலயே முதல். பெரிய டெக்னாலஜி எல்லாம் இல்ல, நாளைக்கு இவ்ளோ வெயில்னு முன்னாடியே மெசேஜ், ஆஸ்பத்திரியில ஐஸ் பேக், தண்ணிப் பந்தல், பார்க்கை மதியம் பூட்டாம திறந்து வைக்கறது, குடிசைக் கூரைக்கு சுண்ணாம்பு. வருஷத்துக்கு ஆயிரம் உயிருக்கு மேல இதனால தப்பிச்சிருக்கும்னு பின்னாடி ஒரு ஆய்வு கணக்கு போட்டுது. செலவு கம்மி, பலன் அதிகம்.

இங்க தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது, வெயில்ல செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம். சாகாம இருக்க என்னன்னு கேட்டா, மாநகராட்சி 2025ல அண்ணா நகர், தி.நகர் பக்கம் உங்களை மாதிரி டெலிவரி பசங்களுக்கு ஏ.சி. ஓய்வறை தொறந்துது. நல்ல ஆரம்பம், பாராட்டறேன். ஆனா 200 வார்டு, 426 சதுர கிலோமீட்டர் ஊரு, மந்தைவெளியில ஆர்டர் எடுக்கற ஆளு ஏ.சி.க்காக தி.நகர் வரைக்குமா போவாரு? ஏற்கெனவே இருக்கற கார்ப்பரேஷன் சமூகக் கூடங்களை ஏப்ரல், மே ரெண்டு மாசம் மதியம் தொறந்து வெச்சு ஃபேனும் தண்ணியும் குடுத்தாலே போதும். அப்புறம் சென்னையோட பிரச்சினை டிகிரி மட்டும் இல்ல, புழுக்கம். 38 டிகிரியே கடல் காத்து லேட்டா வர்ற நாள்ல ஆளைச் சாய்ச்சிடும். தலை சுத்தி வேர்வை நின்னு போச்சுன்னா அந்த ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு நிழலுக்குப் போங்க, 108க்கு போன் போடுங்க. ரேட்டிங் போனா போகட்டும்.

கே: எங்க கவுன்சிலர் நல்லவர்தான், போனா டீ வாங்கிக் குடுக்கறார். அவர்கிட்ட இதைப் பத்தி எப்படிக் கேக்கறது? (சில்லறை வியாபாரி, திருவொற்றியூர்)

ப: டீயைக் குடிச்சுட்டு பட்ஜெட்டைக் கேளுங்க. மும்பை மாநகராட்சி 2024 ஜூன்ல கிளைமேட் பட்ஜெட்னு தனியா ஒரு அறிக்கை போட்டுது, இந்தியாவுல முதல் தடவை. எந்தத் துறை செலவுல எவ்ளோ வெள்ளத்துக்கு, எவ்ளோ வெயிலுக்கு, எவ்ளோ குப்பைக்குன்னு பிரிச்சுக் காட்டறது, நார்வேயில ஆஸ்லோ நகரம் பல வருஷமா பண்றதுதான். அதே மாதிரி நம்ம வார்டுக்கு வர்ற பணத்துல எவ்ளோன்னு கேட்டா அவருக்கே அன்னைக்குதான் தெரிய வரும். அப்புறம் திருவொற்றியூர்ல கடல் அரிக்கற இடத்துல இருக்கற ஆளு நீங்க, செயல்திட்டத்துல நம்ம வார்டு மேப்ல எந்த நிறத்துல இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. 2022லருந்து ஏரியா ஜனங்க கூடிப் பேசற ஏரியா சபைன்னு ஒண்ணு சட்டப்படி இருக்கு, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல கூட்டுவாங்க, பத்து பேரோட போங்க, வாயால சொல்லாதீங்க, எழுதிக் குடுத்து சீல் போட்ட நகல் ஒண்ணு கையில வாங்கிட்டு வாங்க.