தாய் சாப்பிடுவது, சுவாசிப்பது எல்லாம் பாலுக்குள் போய்விடுமா?

கேள்வி கேட்டவருக்கு மூன்று மாதக் குழந்தை. பூண்டு, வெங்காயம், காபி, தலைவலி மாத்திரை என்று பயந்து பயந்து ஒவ்வொன்றாக விட்டுவிட்டாராம். இதெல்லாம் நிஜமாகவே பாலில் இறங்குமா, இறங்கினால் எப்படி என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் மாட்டுப் பாலை முகர்ந்தும் சோதித்தும் பார்த்தவள். அப்புறம் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். எனக்குப் பிடிபட்டது இதுதான்: நேற்று ராத்திரி சாப்பிட்டதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது பெரும்பாலும் சில மணி நேரத்தில் பாலைவிட்டுப் போய்விடும். போகாமல் தங்குகிற சங்கதி வேறு.

முதலில் பூண்டு. அமெரிக்காவில் சுவையையும் மணத்தையும் ஆராயும் மொனெல் மையத்தின் ஆய்வாளர்கள் 1991இல் பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்து, பாலை முகர்ந்து பார்க்க வைத்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் வாசனை உச்சத்துக்கு வந்தது, பிறகு இறங்கிவிட்டது. குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பூண்டு வாசனை வந்த பாலை இன்னும் அதிக நேரம் குடித்தார்கள்! பத்து வருடம் கழித்து அதே மையம் கேரட் சாறு வைத்து ஒரு சோதனை செய்தது. கர்ப்பத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ அம்மா கேரட் சாறு குடித்திருந்தால், திட உணவு தொடங்கியபோது குழந்தை கேரட் சுவையை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. அதனால் பூண்டையும் வெங்காயத்தையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். குழந்தை ஒரு குறிப்பிட்ட உணவுக்குத் திரும்பத் திரும்ப ஒத்துக்கொள்ளாமல் அழுதாலோ, மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்போது எப்படிப் போகிறது என்பது. வயிற்றிலிருந்து மார்புக்கு நேர்க்குழாய் எதுவும் கிடையாது. எதுவாக இருந்தாலும் முதலில் ரத்தத்துக்கு வந்து, பிறகு பால் சுரக்கும் செல்களைத் தாண்டியாக வேண்டும். தாண்டுமா தாண்டாதா என்பதை அந்தப் பொருளின் குணம்தான் முடிவு செய்கிறது. இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அநேகமாக உள்ளே வருவதில்லை. ரத்தப் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்பவையும் வராது. தலைவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென் 99 சதவீதம் அப்படி ஒட்டிக்கொண்டே திரிவதால் பாலில் மிகச் சொற்பம்தான் இறங்குகிறது. இன்னொன்று, ரத்தத்தைவிடப் பால் கொஞ்சம் காரத்தன்மை குறைந்தது. அதனால் லேசான காரத்தன்மை உள்ள மருந்துகள் பாலுக்குள் வந்ததும் மின்னூட்டம் ஏறி, திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். பிரசவமான முதல் சில நாட்களில் சுரப்பி செல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும், பெரிய பொருட்களும் நுழையலாம். பிறகு அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

பலர் கவனிக்காதது, இது இருவழிப் பாதை என்பது. ரத்தத்தில் அளவு குறைந்தால் பாலில் இருப்பதும் ரத்தத்துக்குத் திரும்பும். மதுவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பாலில் உள்ள மதுவின் அளவு ரத்தத்தில் உள்ள அளவை அப்படியே பின்தொடரும். பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதால் சீக்கிரம் சுத்தமாகாது, நேரம்தான் ஆக வேண்டும். காபியில் கணக்கு வேறு. அம்மா குடித்த காஃபினில் சுமார் 1 சதவீதம்தான் குழந்தைக்குப் போகிறது. ஆனால் பெரியவர் உடம்பில் ஐந்து மணி நேரத்தில் பாதியாகிற காஃபின், பச்சைக் குழந்தையின் உடம்பில் பாதியாக 80 மணி நேரம்கூட ஆகலாம். கல்லீரல் இன்னும் பழகவில்லை. வளர வளரச் சரியாகிவிடும். ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொண்டால் போதும், அடியோடு விட வேண்டியதில்லை.

ஆலையில் இதையெல்லாம் மாடுகளிடம் தினமும் பார்த்தோம். காட்டு வெங்காயம் மேய்ந்த மாட்டின் பால் டேங்கரின் மூடியைத் திறந்ததுமே காட்டிக்கொடுத்துவிடும். மேயக்கூட வேண்டாம், வாசனை மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போனாலே சற்று நேரத்தில் பாலில் தெரியும். ஒரு நாள் டேங்கர் ஒன்று ஆன்டிபயாடிக் சோதனையில் மாட்டியது. மடிநோய்க்கு ஊசி போட்ட ஒரே ஒரு மாட்டின் பாலை, மருந்து மாட்டின் உடம்பைவிட்டுப் போவதற்கு முன்னாலேயே யாரோ கலந்துவிட்டார்கள். அவ்வளவு பாலும் வீண். அந்தப் பாலை உறை ஊற்றியிருந்தால் தயிரும் ஒழுங்காகத் தோய்ந்திருக்காது, உறைமோரில் உள்ள பாக்டீரியாவையும் மருந்து அடக்கிவிடும்.

பூஞ்சை பிடித்த தீவனம் இதைவிட மோசம். மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் பி1 என்ற நஞ்சை உண்டாக்கும். மாட்டின் கல்லீரல் அதை எம்1 ஆக மாற்றி, ஒரு பகுதியைப் பாலில் அனுப்பிவிடும். அந்த 'எம்' ஆங்கிலத்தில் பாலைக் குறிக்கிற எழுத்துதான். காய்ச்சினாலும் பாஸ்சரைஸ் செய்தாலும் போகாது. ஒரு கிலோ பாலில் 0.05 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வரம்பு அதைப்போல் பத்து மடங்கு, 0.5. நல்ல விஷயம், தீவனத்தை மாற்றினால் சில நாளில் பால் தெளிந்துவிடும்.

தாவர நஞ்சும் இப்படி வரும். 1818இல் இண்டியானாவில் ஆபிரகாம் லிங்கனின் அம்மா நான்சி இறந்தது 'பால் நோயால்' என்பார்கள். வெள்ளைப் பூப்பூக்கும் ஒரு காட்டுச் செடியை மேய்ந்த மாட்டின் பால்தான் காரணம்.

சில பொருட்களைச் சுரப்பியே வலிய இழுத்து உள்ளே வைக்கிறது. அயோடின் அப்படி. குழந்தையின் தைராய்டுக்கு அது வேண்டும் என்பதால், ரத்தத்திலிருந்து அயோடினைப் பாலுக்கு ஏற்ற ஒரு பம்ப்பே இருக்கிறது. சிகரெட் புகையால் உடம்பில் கூடும் தயோசயனேட் அந்தப் பம்ப்பில் போட்டி போடும். புகைக்கிற தாயின் பாலில் அயோடின் குறைவது அதனால்தான். நல்ல அயோடினையும் கதிரியக்கமுள்ள கெட்ட அயோடினையும் பிரித்துப் பார்க்க அந்தப் பம்ப்புக்குத் தெரியாது. 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடித்தபோது, சுற்றுவட்டாரத்தில் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பின் பாலைக் கீழே ஊற்றினார்கள். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, சுற்றுவட்டாரத்தில் பாலுக்குத் தடை போடத் தாமதமாயிற்று. புல்லில் படிந்த அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் மாட்டுப் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டில் போய்ச் சேர்ந்தது. அதன் அரை ஆயுள் வெறும் எட்டே நாள். சில வாரம் புதுப் பாலைத் தவிர்த்திருந்தாலே பெரும்பகுதி தப்பித்திருக்கும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பிற்பாடு தைராய்டு புற்றுநோய் வந்தது.

தங்குகிற சங்கதி என்றேனே, அது கொழுப்பில் கரைபவை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள், குப்பை எரிக்கும்போது உண்டாகும் டயாக்சின் மாதிரி. உடைந்து வெளியேறத் தெரியாதவை. சிறுநீரில் போகாது, உடம்புக் கொழுப்பில் வருடக்கணக்கில் குடியிருக்கும். பால் சுரக்கும்போது கொழுப்போடு சேர்ந்து கிளம்பும். தாய்ப்பாலில் டிடிடி இருப்பதை 1951லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1966இல் ஸ்வீடன்காரர் சோரன் யென்சன் வனவிலங்குகளில் டிடிடி தேடப்போய், தேடாத பிசிபியைக் கண்டார். தன் வீட்டாரின் முடியையும் சோதித்தார். கைக்குழந்தையான மகளின் முடியிலும் இருந்தது. அம்மாவின் பால் வழியாக வந்திருக்கும் என்று முடிவு செய்தார். 1980களில் கனடாவின் வடகோடியில், தொழிற்சாலையே இல்லாத இடத்தில் வாழும் இன்யூட் பழங்குடித் தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, தெற்கு நகரப் பெண்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு பிசிபி. கடல் உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் அடர்த்தி கூடி, உச்சியில் சீலையும் திமிங்கிலத்தையும் உண்ணும் மனிதரிடம் வந்து சேர்கிறது.

இந்த மூட்டையை ஒரு வேளைச் சாப்பாட்டை மாற்றி இறக்க முடியாது. பால் கொடுப்பதே தாய் உடம்பிலிருந்து அதை இறக்குகிற வழிகளில் ஒன்று என்பதுதான் சங்கடமான உண்மை. மூத்த குழந்தைக்குக் கூடுதல் பங்கு, அடுத்ததற்குக் குறைவு. இதை முதன்முதலில் படித்த இரவு என் மூத்தவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதேன், மறைக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. தாய்ப்பாலைச் சோதித்த அதே விஞ்ஞானிகளும் உலக சுகாதார நிறுவனமும் தாய்ப்பாலின் நன்மையே பெரிது என்றுதான் சொல்கிறார்கள். இந்த வேதிப்பொருட்களுக்குப் போட்ட தடைகள் வேலை செய்கின்றன என்பதற்கும் பாலே சாட்சி. ஸ்வீடனில் சேர்த்துவைத்த தாய்ப்பால் மாதிரிகளில் 1970களிலிருந்து டிடிடியும் பிசிபியும் இறங்கிக்கொண்டே வந்தன.

எல்லாமே சாப்பாட்டைப் பொறுத்து மாறும் என்றும் நினைக்காதீர்கள். பாலின் கால்சியம் அநேகமாக மாறாது, குறைந்தால் உங்கள் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும், பால் நிறுத்திய பிறகு எலும்பு தேறிவிடும். இரும்பும் அப்படி மாறாது. பி12, தயமின், அயோடின், கொழுப்பின் வகை போன்றவை உங்கள் தட்டைப் பொறுத்தவை. அசைவமும் பாலும் முட்டையும் அறவே சாப்பிடாதவர் என்றால் பி12 பற்றி அவசியம் கேளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: விட்டதையெல்லாம் திரும்பச் சாப்பிடுங்கள். பாதரசம் கூடுதலாக இருக்கும் சுறா, வாள்மீன் மாதிரிப் பெரிய மீன்களை மட்டும் தவிர்க்கலாம். சட்டென்று உடம்பை இளைக்கும் டயட் வேண்டாம், கொழுப்பு கரைந்தால் அதில் உள்ளதும் கிளம்பும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், பால் கொடுப்பதைச் சொல்லி, குழந்தையின் வயதையும் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். லாக்ட்மெட் என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் கேட்க வேண்டிய கேள்வியும் தெளிவாகும். என் இரண்டாவது பிரசவத்தில் என் டாக்டரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எனக்கு மாத்திரை எழுதினார்.