போஸ்னியாவின் முதல் யூரோவிஷன் 1993தான்

வணக்கம் தோழி. கல்லூரி மலருக்கான உங்கள் கட்டுரையில் போஸ்னியாவின் முதல் யூரோவிஷன் (ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி) 1993 என்று எழுதியதை, "1973லேயே தலைநகர் சரயேவோவின் பாடகர் பாடியிருக்கிறாரே" என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். வருடத்தை மாற்றாதீர்கள். 1973ல் பாடிய ஸ்ட்ராவ்கோ சோலிச் சரயேவோக்காரர்தான், ஆனால் அப்போது போஸ்னியா அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவுக்காகப் பாடினார். தனி நாடாக போஸ்னியா வந்தது 1993ல்தான். இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

ஆனால் 1993ல் 16ஆம் இடம், 27 புள்ளிகள் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள், மனசு கேட்கவில்லை. சரயேவோ அப்போது போரில் முற்றுகையில் இருந்தது. போஸ்னியக் குழுவினர் இரவில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே விமான நிலைய ஓடுபாதையை ஓடிக் கடந்துதான் வெளியே வந்தார்கள். இசைக்குழு நடத்துநரால் வர முடியவில்லை. அயர்லாந்தின் நோயல் கெலஹன் அவருக்காக நடத்தினார். போஸ்னியாவுக்காக ஃபஸ்லா பாடிய பாட்டின் தலைப்புக்கே 'உலகின் வலியெல்லாம்' என்று பொருள்.

வாக்கு எண்ணும் காட்சியைக் கட்டாயம் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே சரயேவோவிலிருந்து தொலைபேசிக் குரல் கேட்டதும் போட்டி நடந்த அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட் அரங்கமே கைதட்டியது. உங்கள் கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.