அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஒரு நட்சத்திர வீரர் கிடைத்தால் கல்லூரி அணி சாம்பியன் ஆகிவிடுமா? 2019இல் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அப்படித்தானே வென்றது?

ஆகாது. எல்எஸ்யூவும் அப்படி வெல்லவில்லை.

கேட்டவர் அமெரிக்காவுக்குப் புதியவர் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அலுவலகமே சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசும். நடுவில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். நானும் அங்கே நின்றவன்தான். 'ஜோ பரோ இருந்தார், ஜெயித்தார்கள், அவ்வளவுதான்' என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் அந்தப் பருவத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்.

எண்களைப் பார்த்தால் ஒற்றை ஆளின் கூத்து போலத்தான் தெரியும். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி 15 ஆட்டங்கள் ஆடி 15இலும் வென்றது. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் பரோ 60 டச் டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தருபவை) வீசினார், 5,671 கெஜம், கூடவே சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை. சரி. ஆனால் இதே பரோ 2018இல் இதே அணிக்கு ஆடியபோது வீசிய டச் டவுன் பாஸ்கள் 16. அதற்கு முன் ஒஹாயோ ஸ்டேட்டில் முதல் குவார்ட்டர்பேக் இடம் கிடைக்காமல்தான் இங்கே வந்து சேர்ந்தார். 16 எப்படி ஒரே வருடத்தில் 60 ஆயிற்று?

ஆட்டமுறையை மாற்றினார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே பழகிய அணி அது. 2019 தொடக்கத்தில் நியூ ஆர்லின்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற முப்பது வயதுகூட ஆகாத பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். ஆட்களை அகலமாகப் பரப்பி, ஒரே நேரத்தில் ஐந்து பேரைக்கூடப் பந்து வாங்க ஓடவிட்டார்கள். அதில் ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தால் எதிரணி யாரைத்தான் மறிக்கும்?

அப்போது நான் எல்எஸ்யூ இருக்கும் பேட்டன் ரூஜில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற எண்ணெய் ஆலைத் தொழிலாளி ஒருவர். தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டு, உள்ளூர் வானொலி வர்ணனையைக் கேட்டபடி படம் பார்ப்பார். வானொலி சில நொடிகள் முந்திவிடும். டெக்சாஸுடன் ஆட்டம், 37-31 என்று எல்எஸ்யூ முன்னிலை, மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), பந்தைத் தக்கவைக்க 17 கெஜம் வேண்டும். பந்து கைமாறினால் டெக்சாஸ் வென்றுவிடலாம். திரையில் பரோ இன்னும் பந்தை வாங்கக்கூட இல்லை, வானொலிக்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். பெரியவர் என் முழங்கையைப் பிடித்து, 'ஜெஃபர்சனைப் பார்க்காதே, முன்வரிசையைப் பார்' என்றார். டெக்சாஸ்காரர்கள் பாய்ந்து வருகிறார்கள். எல்எஸ்யூவின் முன்வரிசையில் நின்று மறிக்கும் லைன்மேன்கள் அவர்களைத் தள்ளித் தள்ளி ஓர் ஆள் நுழையும் இடைவெளியை உண்டாக்குகிறார்கள். பரோ அதற்குள் ஓர் எட்டு முன்னே வைத்து வீசுகிறார். 61 கெஜம், டச் டவுன். ஆட்டம் 45-38 என்று முடிந்தது. அந்த லைன்மேன்கள் பெயரை உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. நாட்டிலேயே சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருது அந்த வருடம் அவர்களுக்குத்தான்.

பரோவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அலபாமா அணியின் ஊரான டஸ்கலூசாவுக்கே போய் அவர்களை 46-41 என்று வென்ற நாளில் அவருடைய நிதானத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். 2011க்குப் பிறகு அலபாமாவிடம் தோல்வி ஒன்றையே கண்டிருந்த அணி அது. கிளெம்சனுடன் இறுதி ஆட்டம் நியூ ஆர்லின்ஸில் நடந்தது, சொந்த மாநிலம், அதனால்தான் வென்றார்கள் என்பவர்களுக்கும் ஒன்று: அரங்கத்தைச் சில வருடங்களுக்கு முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். தொடர்ந்து 29 ஆட்டங்களில் தோற்காமல் வந்த கிளெம்சன் 17-7 என்று முன்னிலையில் இருந்தது. அங்கிருந்துதான் எல்எஸ்யூ 42-25 என்று வென்றது.

எல்லோரும் மறந்துவிடும் இன்னொருவர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர் அவர்தான். புதுப் பையன் பிரேடிக்குப் புகழ் போனபோது அவர் முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஓக்லஹோமாவுடன் அரையிறுதி நடந்த அன்று அவருடைய மருமகள் விமான விபத்தில் இறந்துபோனார். செய்தி தெரிந்தும் மேலே பெட்டியில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினார். இடைவேளையில் எல்எஸ்யூ 49-14 என்று முன்னிலை.

புகழ் இன்னொருவருக்குப் போகும்போது என்னால் அவரைப் போல முகம் சுளிக்காமல் இருந்திருக்க முடியாது. நான் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய ஒரு மென்பொருளை, அந்தக் குழுவில் கடைசியாகச் சேர்ந்த ஒருவர் மேடையேறி விளக்கினார்; நன்றி சொன்ன பட்டியலில் சிற்றுண்டி ஏற்பாடு செய்தவர் வரை இருந்தார்கள், நான் இல்லை. மேலாளரிடம் கேட்டதற்கு 'குழு வெற்றிதானே' என்றார். குழு வெற்றி என்றால் ஊக்கத்தொகை மட்டும் ஏன் ஒருவருக்குப் போயிற்று? இதற்கும் கேள்விக்கும் தொடர்பில்லை என்று சொல்வீர்கள். இல்லைதான்.

ஒற்றை ஆள் வாதத்துக்கு வருகிறேன். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அடுத்த வீரர் தேர்வில் அந்த அணியிலிருந்து 14 பேர் எடுக்கப்பட்டார்கள். பிரேடி கரோலைனா என்ற என்எஃப்எல் அணிக்குப் போனார், தடுப்பாட்டத்தைக் கவனித்த பயிற்சியாளர் டேவ் அரண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2020இல் எல்எஸ்யூ ஐந்து வென்று ஐந்து தோற்றது. கோவிட் காலம், சேஸ் அந்தப் பருவம் ஆடவே இல்லை, எல்லாம் தெரியும். பரோ ஒருவர் மட்டும் தங்கியிருந்தால் அந்த ஐந்தும் வெற்றியாகியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? எனக்குத் தோன்றவில்லை.

இணையத்தில் டெக்சாஸ் ஆட்டத்தின் முழுப் பதிவு கிடைத்தால் அந்த மூன்றாவது டவுனை ஒருமுறை பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். ஆனால் வேலை நேரத்தில் பார்த்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.