பெட்டி ஏன் கட்டியபடி இருக்கிறது?

கேள்வி: ஸ்காபரோவில் 2021இல் வீடு வாங்கினோம். பேஸ்மென்ட்டுக்குத் தனி வாசல், தனிக் குசினி, இரண்டு அறை. மோட்கேஜ் புதுப்பித்தபோது மாதக் கட்டணம் 1,100 டொலர் கூடிவிட்டது. அதனால் பேஸ்மென்ட்டை எயார்பிஎன்பி என்ற குறுகிய கால வாடகைத் தளத்தில் போட்டோம். மேலே வசிக்கும் நாங்கள் தனிக் குடியிருப்பாக உள்ள கீழ்ப்பகுதியைக் குறுகிய காலத்துக்கு விட முடியாது என்பது ரொறன்ரோ நகராட்சியின் விதி. எனவே அங்கே அம்மா வசிப்பதாக நகராட்சியில் அவர் பெயரில் பதிந்தோம். அவருடைய ஒன்ராறியோ அடையாள அட்டையிலும் விலாசத்தை மாற்றியாயிற்று. வருடத்துக்கு 180 இரவுதான் முழுதாக விடலாம் என்பதால் மிச்ச நாட்களில் மாதக் கணக்கில் தங்குபவர்களுக்குக் கொடுக்கிறோம். பணம் என் கணக்குக்கு வருகிறது. இப்போது நகராட்சி மேலும் ஆதாரம் கேட்டு எழுதியிருக்கிறது. கொண்டோக்களை வரிசையாக வைத்து உழைப்பவர்களை விட்டுவிட்டு எங்களைப் போன்ற சின்ன ஆட்களைத்தான் பிடிக்கிறார்கள். அம்மாவுக்கு 74 வயது, ஒரு குறையும் இல்லை. மேலே ஹோலில் படுப்பார், இல்லாவிட்டால் அஜாக்ஸில் தங்கச்சி வீட்டுக்குப் போவார். அவருடைய பெட்டி எப்போதும் கட்டியபடிதான் இருக்கும், அதனால் சிரமமில்லை. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் கொடிகாமம் வரை நடந்தவர், எதையும் சமாளிப்பார். 2026 உலகக் கிண்ணக் கால்பந்து முடியும்வரையாவது பதிவைக் காப்பாற்ற வேண்டும். வேறு என்ன ஆதாரம் காட்டலாம்?
– ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிது இல்லை. பெயரும் தெருவும்தான் மாறும். சிலர் அப்பாவைக் கீழே இறக்குகிறார்கள், சிலர் கல்லூரியில் படிக்கும் மகனை. ஒருவர், பொய்யில்லை, மனைவியையே கடதாசியில் பேஸ்மென்ட்டுக்கு அனுப்பிவிட்டு மேலே அவருடன் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இன்னும் என்ன கடதாசி காட்டலாம்? கடதாசிக் கதையைப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்.

“எப்போதும் கட்டியபடிதான் இருக்கும், அதனால் சிரமமில்லை” என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டீர்கள். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது? நாலு சேலை, ஒரு சுவெற்றர், பிரஷர் குளிசை, துவாயில் சுற்றிய பிள்ளையார் படம். நான் சொன்னது சரிதானா, இல்லை உங்களுக்கே தெரியாதா? பெட்டி எங்கே நிற்கிறது? செற்றிக்குப் பின்னாலா, வாசலில் சப்பாத்துக் கழற்றும் இடத்திலா? இரவு பதினொரு மணிக்கு நீங்கள் தொலைக்காட்சி பார்த்து முடிக்கும்வரை அந்த மனுஷி எங்கே சாய்ந்திருக்கிறார்? விடிய நாலரைக்கு விழிப்பு வந்தால் யாரையும் எழுப்பாமல் விளக்குப் போட அவருக்கு ஓர் இடம் உண்டா? சிரமமில்லை என்கிறீர்கள், யாருக்கு என்று எழுதவில்லை.

95ஐயும் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். அந்த ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமத்துச் சனம் முழுக்கத் தெருவில் இறங்கி, நாவற்குழிப் பாலத்தில் அடியடியாக நகர்ந்தது. கையில் எடுத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை கதவுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தபடி இருந்தது. என் அம்மா கனடா வந்து ஆறு வருடமாகியும் கடவுச்சீட்டையும் காணி உறுதியையும் தலையணைக்குள் வைத்துத்தான் படுத்தார். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து பிடுங்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நீங்கள் என்னவென்றால் 74 வயதில் உங்கள் அம்மாவுக்கு அதைத் திரும்பப் பழக்கியிருக்கிறீர்கள். அன்றைக்குத் துரத்தியது ஷெல். இன்றைக்கு உங்கள் முன்பதிவு நாட்காட்டி.

பழைய காலத்து ஆள் இப்படித்தான் பேசுவார் என்று நினைப்பீர்கள். நினைத்துவிட்டுப் போங்கள். நாங்கள் வந்த புதிதில் ஓர் அறை அப்பார்ட்மென்டில் ஏழு பேர். இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்த ஆண்கள் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். ஒரே ஒரு கட்டில் இருந்தது, அது அப்பாச்சிக்கு. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. பெற்றவளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் மற்றவர்கள் படுப்பது. எனக்குத் தெரிந்த குடும்பக் கணக்கு இதுதான், மோட்கேஜ் கூடியதற்காக இதை நான் மாற்றப்போவதில்லை.

சரி, நகராட்சிக்கு வருவோம். அவர்கள் விதியின் உயிரே ஒரே ஒரு கேள்விதான்: அந்தக் கட்டிலில் வழக்கமாகத் தூங்குவது யார்? 28 நாட்களுக்குக் குறைவான வாடகையென்றால், நீங்கள் உண்மையில் வசிக்கும் வீட்டை மட்டும்தான் விடலாம். அறை அறையாக என்றால் மூன்று அறைவரை, எத்தனை இரவும். முழு வீடு என்றால் வருடத்துக்கு 180 இரவு. சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை, வாடகைக்கு இருப்பவரும் பதியலாம், வசித்தால் போதும். 2017 இறுதியில் இது நகரசபைக்கு வந்தபோது எதிர்த்தவர்கள் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2019 நவம்பரில் தீர்ப்பாயம் விதியின் பக்கம் நின்றது, 2020 செப்டெம்பரில் பதிவு தொடங்கியது. ஆட்கள் குடியிருக்க வேண்டிய வீடுகள் விருந்தினர் விடுதிகளாக மாறி, வாடகைக்கு வீடு தேடுபவர் தெருத்தெருவாக அலைந்ததுதான் காரணம். அப்படி அலைந்தவர்களில் நம் ஊரிலிருந்து புதிதாக வந்து, மாமா வீட்டு ஹோலில் மாதக் கணக்கில் படுத்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் முதலில் தேடுவது உங்களுடையதைப் போன்ற ஒரு பேஸ்மென்ட்டைத்தான்.

உங்கள் கோபத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கொண்டோ முதலாளிகளுக்குப் போட்ட வேலி, மேலே தானும் கீழே ஒரு சமையலறையுமாக இருக்கும் குடும்பத்தின் மீதும் விழுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் மாகாணச் சட்டம், தான் வசிக்கும் வீட்டோடு அதே வளவில் உள்ள இன்னொரு குடியிருப்பையும் விட அனுமதிக்கிறது. ரொறன்ரோவில் அது இல்லை. நியூயோர்க்கில் இன்னும் இறுக்கம்: 2023 செப்டெம்பரிலிருந்து 30 நாளுக்குக் குறைவாகத் தங்க வருபவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது, வீட்டுக்காரரும் கூடவே இருக்க வேண்டும். விதி பிழை என்று நினைத்தால் உங்கள் நகரசபை உறுப்பினருக்கு எழுதுங்கள், கூட்டத்தில் போய் நின்று சொந்தப் பெயரில் பேசுங்கள். அதைச் செய்திருந்தால் நானும் உங்களோடு வந்து நின்றிருப்பேன். நீங்கள் செய்தது வேறு. அம்மாவின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள்.

பதிவு அவர் பெயரில், பணம் உங்கள் கணக்கில். நாளைக்கு நகராட்சி தண்டம் போட்டால் கடிதம் யார் பெயருக்கு வரும்? அதை வாசித்துச் சொல்லவும் உங்களைத்தான் கூப்பிட வேண்டும், பாவம். அந்த வருமானத்தை அவருடையது என்று கணக்குக் காட்டினால், அவர் ஜிஐஎஸ் (வருமானம் குறைந்த முதியோருக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகை) எடுப்பவராக இருக்கும் பட்சத்தில், அந்த உதவித்தொகை வெட்டப்படும். அது வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் பணம். உங்களுடையது என்று காட்டினால், வசிப்பதாகப் பதிந்தவர் ஒருவர், உழைப்பவர் இன்னொருவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். காட்டவே இல்லை என்றால், அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத எனக்கு விருப்பமில்லை. இன்னொன்று: 2024 ஜனவரியிலிருந்து, உள்ளூர் விதிக்கு மாறாக நடக்கும் குறுகிய கால வாடகைக்கு மோட்கேஜ் வட்டி, காப்புறுதி, திருத்தச் செலவு எதையும் வருமான வரியில் கழிக்க முடியாது. வந்த பணம் முழுவதுக்கும் வரி. உங்கள் 1,100 டொலரை ஈடு கட்டுகிறது என்று நினைத்திருக்கும் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

உலகக் கிண்ணத்தையும் கேட்டிருந்தீர்கள். ரொறன்ரோவில் ஆறு ஆட்டம். அந்த ஆறு ஆட்டத்துக்காக அம்மா இன்னும் எத்தனை மாதம் பெட்டியைக் கட்டி வைத்திருக்க வேண்டும்? அவ்வளவு ஆசையென்றால் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. மேல்வீட்டில் உண்மையில் வசிப்பவர் நீங்கள். அதை உங்கள் பெயரில் பதியுங்கள். உங்கள் படுக்கையறையை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு, நீங்களும் மனைவியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோல் செற்றியில் படுங்கள். இல்லாவிட்டால் அஜாக்ஸுக்குப் போங்கள். சட்டம் அனுமதிக்கிறது, ஒரு கடதாசியும் புனைய வேண்டாம். இந்த யோசனை உங்கள் கடிதத்தில் ஓர் இடத்திலும் வரவில்லை. உங்கள் கட்டிலை விட முடியும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை, அம்மாவுடையது மட்டும் தோன்றியது.

நகராட்சிக்கு இனி ஓர் ஆதாரமும் தேட வேண்டாம். பதிவை ரத்துச் செய்யுங்கள், எயார்பிஎன்பியில் வரப்போகிறவர்களின் முன்பதிவுகளையும் நிறுத்துங்கள். அவர்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் ஒரு சட்டத்தரணியையும், அப்புறம் உங்கள் வரிக் கணக்காளரையும் பாருங்கள். கணக்காளர் மச்சானாக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

பிறகு அம்மா உண்மையிலேயே கீழே போய் வசிக்கட்டும், அவருக்கு அது பிடித்தால். இரண்டு அறை இருக்கிறது. ஒன்று அவருக்கு. மற்றதை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்திலோ சென்டெனியல் கல்லூரியிலோ படிக்க வந்து இடம் கிடைக்காமல் தவிக்கும் ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுங்கள், குசினி இருவருக்கும் பொது. “ஒருமுறை உள்ளே விட்டால் வாடகை தராமல் இருந்துவிடுவார்கள், எழுப்ப முடியாது” என்று நம் ஆட்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு, வழக்கு மாதக் கணக்கில் இழுபடும். ஆனால் சொந்தக்காரரின் தாய் அங்கே வசித்து, அவரோடு குசினியைப் பகிர வேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால், ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. நீங்கள் இத்தனை நாள் பொய்யாகச் சொன்ன அதே விஷயம் உண்மையானால் உங்களுக்கே பாதுகாப்பு. பிடிக்காவிட்டால் மேலே ஓர் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, கீழ்வீட்டை மாகாணத்தின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடக் கணக்கில் விடுங்கள். எயார்பிஎன்பி அளவுக்கு வராது. ஒரு காரை விற்க வேண்டி வந்தால் விற்கலாம். பிள்ளைகள் சிரமப்படுவார்கள் என்கிறீர்களா? அறையைப் பகிர்ந்து படுத்து வளர்ந்தவர்கள்தானே நீங்களும் உங்கள் தங்கச்சியும். (அவரையும் ஒருநாள் கேளுங்கள், அஜாக்ஸில் அம்மா எங்கே படுக்கிறார் என்று.)

இதையெல்லாம் நீங்களும் மனைவியும் இரவில் பேசி முடித்துவிட்டுக் காலையில் அம்மாவுக்கு அறிவிக்க வேண்டாம். கேளுங்கள். “எனக்கு எங்கேயும் சரி மகன்” என்பார். அது பதில் இல்லை, இன்னொரு முறை கேளுங்கள். கீழேயா மேலேயா, எந்தச் சன்னல் பக்கம், எந்தப் பெண்பிள்ளையோடு, அவர் சொல்லட்டும். இந்தச் சனிக்கிழமை சுவரில் ஒரு தட்டு அடித்துக் கொடுங்கள், படத்தை அவரே எடுத்து வைப்பார். சேலைகளை அலுமாரியில் அடுக்கியதும் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் கராஜில், விண்டர் ரயர்களுக்குப் பின்னால் போடுங்கள்.