யூவி விளக்கு: 5 வாட்டா, 18 வாட்டா?

கேள்வி: ஐயா, என்னிடம் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. நான்கு ஏஞ்சல் மீனும் கொஞ்சம் டெட்ரா மீனும் வளர்க்கிறேன். இரண்டு மாதமாகத் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது. பாதியை மாற்றினாலும் மூன்றாம் நாள் பழைய கதைதான். யூவி ஸ்டெரிலைசர், அதாவது ஓடும் தண்ணீருக்குப் புற ஊதா ஒளி காட்டும் விளக்கு, போட்டால் தெளியும் என்கிறார்கள். கடைக்காரர் 5 வாட் போதும் என்கிறார். நண்பரோ, வாங்குவதே வாங்குகிறாய், 18 வாட்டாக வாங்கிவிடு என்கிறார். தொட்டிக்கு வெளியே வைத்திருக்கும் என் கேனிஸ்டர் ஃபில்டர் மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அதன் குழாயிலேயே மாட்டிவிடலாமா?

பதில்: இருவரில் ஒருவராவது உங்கள் பம்பைப் பற்றிக் கேட்டாரா? நீங்களாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

முதலில் தண்ணீரை அளப்போம். சென்டிமீட்டரில் 90, 45, 45. பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 182 லிட்டர். ஆனால் விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை, அடியில் சரளையும் கிடக்கும். அதெல்லாம் போக 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சரி, இந்த விளக்கு என்ன செய்கிறது? அதிலிருந்து வரும் 254 நானோமீட்டர் யூவி-சி ஒளி, தண்ணீரோடு மிதந்து போகும் பாசியின் டிஎன்ஏவைக் குலைத்துவிடுகிறது. அந்தச் செல் உடனே சாகாவிட்டாலும் இனிப் பெருகாது. எவ்வளவு குலையும் என்பது இரண்டைப் பொறுத்தது: ஒளியின் வலு, அதன் முன்னால் தண்ணீர் இருக்கும் நேரம். வாட் கணக்கு முதலாவதைத்தான் சொல்லும், அதுவும் அரைகுறையாக. விளக்கு இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் யூவி-சியாக வெளியே வருகிறது. இரண்டாவது முழுக்க முழுக்க பம்பின் கையில்.

நான் இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 100 லிட்டர் தொட்டிக்கு 9 வாட் விளக்கு வாங்கி, மணிக்கு 1,200 லிட்டர் தள்ளும் பம்பில் மாட்டினேன். வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் தெளியும் என்று நினைப்பு. தெளிகிறதா என்று பார்க்க, பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒரு செய்தித்தாள் துண்டை எழுத்து தெரிகிற மாதிரி ஒட்டினேன். மூன்று வாரம் தினமும் காலையில் குனிந்து பார்த்தேன். தலைப்பு ஒரு கறுப்புத் தீற்றலாகத்தான் தெரிந்தது. எரிச்சலில் பெரிய பம்பைக் கழற்றிவிட்டு, பரணில் கிடந்த சின்ன பம்ப் ஒன்றை மாட்டினேன். இரண்டாம் நாள் தலைப்பைப் படிக்க முடிந்தது. ஐந்தாம் நாள் கீழே இருந்த பொடி எழுத்தும் தெரிந்தது. விளக்கு அதே 9 வாட்தான்.

அதற்காகச் சொட்டுச் சொட்டாகவும் விடக்கூடாது. விளக்கைக் கடந்த தண்ணீர் திரும்பத் தொட்டியில்தான் கலக்கிறது. மணிக்கு 150 லிட்டர் ஓடினால் ஒரு மணி நேரத்தில் மொத்தமும் விளக்கைப் பார்த்துவிடும் என்று தோன்றும். உண்மையில் 63 சதவீதம்தான் பார்த்திருக்கும், மீதி இன்னும் வரிசையில் நிற்கும். ஓட்டம் ரொம்பக் குறைந்தால், விளக்கு கெடுப்பதைவிட வேகமாக மற்ற பாசி பெருகிவிடும். பச்சைத் தண்ணீருக்கு, மணிக்கு ஒரு முறை முதல் ஒன்றரை முறை வரை தொட்டித் தண்ணீர் சுற்றுவதுதான் என் கணக்கு. உங்களுக்கு மணிக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓட்டத்துக்கு 9 வாட் தாராளம். 5 வாட்டும் தெளிய வைக்கும், ஆனால் விளக்கு பழசாகும்போது கைகொடுக்காது. 18 வாட் போட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வாட் எல்லாம் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் இறங்கும், உங்களுக்கு அது தேவையில்லை. வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாசிக்கு மணிக்கு இத்தனை லிட்டர், ஒட்டுண்ணிக்கு இத்தனை லிட்டர் என்று இரண்டு எண் போட்டிருந்தால் நல்ல சரக்கு. 'இத்தனை லிட்டர் தொட்டி வரைக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேனிஸ்டர் குழாயில் நேராக மாட்ட வேண்டாம். அழுக்கும் உயரமும் சேர்ந்து 1,000 லிட்டர் 600 ஆனாலும் அது உங்களுக்கு அதிகம். T வடிவக் குழாய் இணைப்பு போட்டு, வால்வு வைத்து ஓட்டத்தைப் பிரிக்கலாம். நானாக இருந்தால் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிய தனிச் சின்ன பம்ப் வைப்பேன். அப்புறம், பம்ப் அட்டையை நம்பாதீர்கள். விளக்கைக் கடந்து வரும் தண்ணீரை 2 லிட்டர் ஜக்கில் பிடியுங்கள். 36 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 200 லிட்டர். பம்புக்கும் விளக்குக்கும் ஒரே ஸ்விட்ச் போதும். பம்ப் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் சூடாகும்.

விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்பு படிந்தால் ஒளி வெளியே வராது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வினிகர் நனைத்த துணியால் துடையுங்கள். எரியும் விளக்கைக் கண்ணால் பார்க்கவே கூடாது. இன்னொன்று, நீல வெளிச்சம் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். யூவி-சி தளர்ந்த பிறகும் அந்த நீலம் எரிந்துகொண்டே இருக்கும். விளக்கின் ஆயுள் 8,000 மணி நேரம், அதாவது இரவு பகல் எரிந்தால் 11 மாதம். மாட்டிய தேதியை டேப்பில் எழுதி யூனிட்டின் மேலேயே ஒட்டிவிடுவேன், இல்லாவிட்டால் எனக்கு நினைவிருக்காது.

கேள்வி: செடி இலையில் முடி மாதிரி கறுப்புப் பாசி ஒட்டியிருக்கிறது. யூவி போட்டால் போகுமா?

பதில்: போகாது. ஒட்டியிருப்பது விளக்கிடம் எப்படிப் போகும்? கத்தரியை எடுங்கள்.

கேள்வி: மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்திருக்கிறது. யூவி விளக்கு இருந்தால் மருந்து வேண்டாம் என்கிறார்களே?

பதில்: மீனின் தோலுக்குள் இருக்கும் புள்ளியை விளக்கு தொடவே தொடாது. அது முற்றி உதிர்ந்து, சரளையில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்துகிறதே, அந்தக் கட்டத்தில் விளக்குப் பக்கம் வந்தவைதான் சாகும். வருவதற்குள் அவற்றில் பாதி ஏதாவது ஒரு மீனைப் பிடித்துவிடும். இவற்றைக் கெடுக்கப் பாசிக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஒளி வேண்டும். அதனால் ஓட்டத்தையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். நோய் பரவுவது குறையலாம், குணமாக்க மருந்துதான். மருந்து போட்டதும் விளக்கை அணைத்துவிடுங்கள். மாலகைட் கிரீன் போன்ற சாயமருந்துகளை யூவி சிதைத்துவிடும்.