மோட்டார்ஹோம் பேட்டரி: லித்தியமா, கோல்ஃப் கார்ட்டா?

தம்பி, ஃபீனிக்ஸ் வந்த கொஞ்ச நாள்லயே பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் வாங்கிட்டீங்க, சந்தோஷம். ஹூக்கப் (கேம்ப்ல கரண்ட் எடுக்கற கனெக்ஷன்) இல்லாத இடத்துல நடுராத்திரியே பேட்டரி படுத்துடுது, ஒருத்தர் லித்தியம் போடுங்கறார் இன்னொருத்தர் கோல்ஃப் கார்ட் பேட்டரியே போதும்ங்கறார், எதை வாங்கறதுன்னு கேட்டிருக்கீங்க. காலியானதை எதை வச்சு திரும்ப ஏத்தப் போறீங்க, அதை முதல்ல முடிவு பண்ணுங்க, எல்லாரும் எத்தனை ஆம்ப்-அவர்னு (பேட்டரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும்கற அளவு) மட்டும்தான் பேசுவாங்க.

ராத்திரி கரண்ட்டை குடிக்கறது லைட்டோ போன் சார்ஜரோ இல்ல, ஃபர்னஸ், அதாவது வண்டிக்குள்ள இருக்கற ஹீட்டர். கேஸ்லதானே ஓடுதுன்னு விட்டுடுவோம், ஆனா உள்ள இருக்கற ஃபேன் 12 வோல்ட்ல 7, 8 ஆம்ப் இழுக்கும். பாலைவனக் குளிர்ல பத்து மணி நேரத்துல பாதி நேரம் ஓடினாலே 35, 40 ஆம்ப்-அவர் போச்சு. வண்டியோட வர்ற சின்ன குரூப் 24 (அது சைஸ் பேரு) 'மரைன்' பேட்டரி ஒண்ணுல மொத்தமே 75, 80தான் இருக்கும், அதுலயும் பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், அப்புறம் நடுராத்திரி படுக்காம என்ன பண்ணும். ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடற டைப்னா நிக்கற இடத்துல கேஸ்லயே வைங்க, மறந்து 12 வோல்ட்ல விட்டீங்கன்னா பேட்டரியை காலி பண்ண அது ஒண்ணே போதும்.

கோல்ஃப் கார்ட் ஆளு சொல்றதும் தப்பில்ல. 6 வோல்ட் பேட்டரி ரெண்டை சீரிஸ்ல போட்டா 12 வோல்ட்ல சுமார் 220 ஆம்ப்-அவர், பாதி கணக்குல 110 கைக்கு வரும், காஸ்ட்கோலயே கிடைக்கும், அடி வாங்கினாலும் தாங்கற சரக்கு. ஊர்ல இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தற அதே வேலைதான், அரிசோனா வெயிலுக்கு இன்னும் அடிக்கடி பார்க்கணும். ஆனா படிக்கட்டுக்கு அடியில இருக்கற பேட்டரி பெட்டியோட உயரத்தை டேப் வச்சு அளந்துட்டு போங்க, இது குரூப் 24ஐ விட ரெண்டு இன்ச் கிட்ட உயரம், சில வண்டில மூடி இறங்காது.

இப்ப சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். யோசெமிட்டி நேஷனல் பார்க் கேம்ப்கிரவுண்ட்ல ஹூக்கப்பே கிடையாது, ஜெனரேட்டரும் காலைல 7-9, மதியம் 12-2, சாயங்காலம் 5-7 மட்டும்தான். கோல்ஃப் கார்ட் மாதிரி லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரைக்கும் சுமாரா ஏறும், மிச்சம் 20 ஏற மணிக்கணக்கா ஊர்ந்துகிட்டே இருக்கும், அந்த ரெண்டு மணி நேரத்துல ஒருநாளும் நிரம்பாது, நிரம்பாமயே வச்சிருந்தா சல்ஃபேட் படிஞ்சு சீக்கிரம் செத்துடும். லித்தியம் (அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் குடுக்கற ஆம்ப்ஸை அப்படியே வாங்கிக்கும், பாதியில விட்டாலும் கவலை இல்ல. 100 ஆம்ப்-அவர்ல முழுசையுமே எடுத்துக்கலாம், எடையும் 30 பவுண்டுக்குள்ள. விலையும் முன்ன மாதிரி இல்ல, ஒரு காலத்துல ஆயிரம் டாலர் கிட்ட இருந்தது இப்ப பாதிக்கும் கீழ நிறைய வருது. ஏஜிஎம்னு மூடி சீல் பண்ணின லெட் ஆசிட் ஒண்ணு நடுவுல இருக்கு, தண்ணி ஊத்த வேண்டாம், ஆனா அதே பாதி கணக்குதான், இந்த விலைல அதை வாங்கறதுல அர்த்தம் இல்ல.

லித்தியத்துக்கு ரெண்டு வம்பு உண்டு. செல் ஜீரோ டிகிரி செல்சியஸுக்கு கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்தக் கூடாது, கெட்டுடும். ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் ஜனவரில போனா இது நிஜமாவே வரும், அதனால லோ டெம்பரேச்சர் கட்-ஆஃப் (குளிர்ல தானா சார்ஜை நிறுத்தறது) இருக்கான்னு கேட்டு வாங்குங்க, வெளிப்பெட்டில வைக்காம டினெட் (சாப்பிடற மேசை) சீட்டுக்கு அடியில வைங்க. இன்னொண்ணு உங்க பழைய கன்வெர்ட்டர் (ஹூக்கப், ஜெனரேட்டர் கரண்ட்டை மாத்தி பேட்டரிக்கு ஏத்தற பெட்டி), அது 13.6 வோல்ட்லயே நின்னா லித்தியம் மெதுவாத்தான் ஏறும், 14.4 குடுக்கற மாடல் வேணும். இன்ஜின்லேர்ந்தும் ஏத்தணும்னா நடுவுல டிசி-டிசி சார்ஜர் (போற ஆம்ப்ஸை கட்டுப்படுத்தறது) போடாம விடாதீங்க, லித்தியம் இழுக்கற இழுப்புல ஆல்டர்னேட்டர் சூடாகி போயிடும்.

அடுப்புக்கு மேல நாலு லைட்டோட ஒரு பேனல் இருக்குமே, அதை நம்பாதீங்க, அது வோல்டேஜை மட்டும் பார்க்குது, லித்தியம் காலியாகற வரைக்கும் வோல்டேஜ் பெருசா இறங்காது. ஷன்ட் (உள்ள போற, வெளிய வர்ற ஆம்ப்ஸை அளக்கறது) வச்ச மானிட்டர் ஒண்ணு போட்டுடுங்க.

மிக்ஸி ரெண்டு நிமிஷம் ஓடினா ஒண்ணும் ஆகாது. 1000 வாட் இன்ஸ்டன்ட் பாட்னா இன்வெர்ட்டர் வழியா 90 ஆம்ப் போகும், கேஸ் அடுப்பு இருக்கும்போது எதுக்கு, இட்லி மாவை வீட்லயே அரைச்சு எடுத்துட்டு வந்துடுங்க. ஏசி பத்தி யோசிக்கவே வேண்டாம், ஒரு 100 ஆம்ப்-அவர் லித்தியம் ஒரு மணி நேரம் கூட வராது.

அரிசோனால குவார்ட்ஸைட் ஊர் மாதிரி வெயில் அடிக்கற இடத்துல குளிர்காலத்துல நாலஞ்சு வீக்எண்ட் மட்டும்னா கோல்ஃப் கார்ட் ஜோடியும் 200 வாட் சோலாரும் போதும், நல்ல வெயில்ல நாளைக்கு 50, 60 ஆம்ப்-அவர் திரும்பி வந்துடும். பிள்ளைங்களோட நேஷனல் பார்க் எல்லாம் சுத்தப் போறீங்கன்னா ரெண்டு 100 ஆம்ப்-அவர் லித்தியம் போடுங்க, நான்னா அதைத்தான் செய்வேன். எதைப் போட்டாலும் பாசிட்டிவ் கேபிள்ல பேட்டரிக்கு ஒட்டியே ஃப்யூஸ் இருக்கணும். கன்வெர்ட்டர் மேல ஒட்டியிருக்கற லேபிளை போட்டோ எடுத்து போடுங்க, மாத்தணுமா வேண்டாமான்னு பார்த்து சொல்றேன்.