சிவில் நாலாவது செமஸ்டர், மனசோ கல்வெட்டில்: படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. சிவில் நாலாவது செமஸ்டர் படிக்கிறேன். ஐந்து அரியர், அதில் இரண்டு கணக்கு. லீவு கிடைத்தால் திருமயம், குடுமியான்மலை என்று கல்வெட்டு பார்க்கப் போய்விடுவேன். இதை விட்டுவிட்டு பி.ஏ. வரலாறு சேரலாமா? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்: தம்பி, முதல் செமஸ்டரில் இதைக் கேட்டிருந்தால் உடனே டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்றிருப்பேன். இப்போது பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள், அதனால் முடித்துவிடுங்கள் என்கிறேன். இது ‘எப்படியாவது ஒரு டிகிரி வாங்கிவிடு’ என்கிற வீட்டுப் பேச்சு இல்லை, காரணம் வேறு.

பி.இ.யிலிருந்து பி.ஏ.வுக்கு நேராக இரண்டாம் வருஷத்தில் போய் உட்கார முடியாது. மறுபடி முதலாம் ஆண்டுதான், அதாவது இன்னும் மூன்று வருஷம். பி.இ.யில் உங்களுக்கு மிச்சம் இருப்பதோ இரண்டு வருஷமும் கொஞ்சமும். எம்.ஏ. வரலாறு, தொல்லியல் படிப்புகளுக்குப் பல இடங்களில் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் எம்.ஏ. வரலாறு அப்படித்தான், புனே டெக்கான் கல்லூரியின் தொல்லியல் எம்.ஏ.வும் அப்படித்தான். பி.இ. முடித்த கையோடு அங்கே போகலாம், இப்போது விட்டால் அதே வாசலுக்கு ஒரு வருஷம் தாமதமாக வந்து சேருவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு, பலர் எம்.ஏ. முடித்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்துத் தலையில் கை வைக்கிறார்கள். அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்று இங்கே கேட்கிறார்கள், கிராஸ் மேஜர் ஒப்புக்கொள்வதில்லை. வரலாற்று வாத்தியார் ஆவதுதான் ஆசை என்றால் பி.ஏ. கட்டாயம். அதற்கும் பி.இ.யை விட வேண்டியதில்லை. 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இரண்டு பட்டங்களை ஒரே சமயத்தில் படிக்க அனுமதிக்கிறது, ஒன்று நேரடியாகவும் இன்னொன்று தொலைதூரக் கல்வியிலும் இருக்கலாம். இக்னோ பி.ஏ. இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நம்ம ஊரிலேயே இருக்கிறது. ஆனால் ஐந்து அரியரை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள், முதலில் அதை இரண்டாகக் குறையுங்கள்.

அரியர் என்றதும் இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நாலு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடிக்கலாம், ஆகவே கணக்கு உங்களைக் கொன்றுவிடாது. அது பிடிக்காமல் போனதா, புரியாமல் போனதா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். புரியாததெல்லாம் நாளடைவில் பிடிக்காததாகத் தெரியும், அதற்கு டியூஷன் போதும்.

சரி, கல்வெட்டுக்கு வருவோம். குடுமியான்மலையில் நின்று ஆச்சரியப்படுவது வேறு, அதுவே பிழைப்பாக இருப்பது வேறு. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929லேயே புத்தகமாக வந்திருக்கிறது, நூலகத்தில் தேடிப் பிடித்து இருபது பக்கம் தொடர்ந்து படியுங்கள். நிலத்துக்கு நான்கெல்லை, நெல் இத்தனை கலம், கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டவர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்கின் நெய்க்காக ‘சாவா மூவாப் பேராடு’ தொண்ணூறு கொடுத்ததாக அடிக்கடி வரும்: ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகள் அந்த எண்ணிக்கையை நிரப்பும், ஆகவே மந்தைக்குச் சாவும் இல்லை மூப்பும் இல்லை. பத்தாவது விளக்கிலும் இந்த இரண்டு சொல்லைப் பார்த்து நின்றால் உங்களுக்கு இந்த வேலை சரிப்படும். மூன்றாவது விளக்கிலேயே கொட்டாவி வந்தால் இது பொழுதுபோக்காகவே இருக்கட்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

அப்புறம் கல்வெட்டைத் தாளில் படியெடுக்கிற இடத்துக்கு யாராவது அழைத்துப் போனால் தவறவிடாதீர்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றி, காய்ந்ததும் உரிக்க வேண்டும். வெயிலில் முட்டி போட்டபடி அரைநாள் போகும், ஒரு காற்று அடித்தால் தாள் கிழிந்து மறுபடி முதலிலிருந்து. பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் இதை நீங்களாகச் செய்யக் கூடாது, எழுத்துத் தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பதும் கூடாது.

நீங்கள் மெக்கானிக்கல் படித்திருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். சிவில், அதுவும் செட்டிநாட்டில்! கானாடுகாத்தானில் எத்தனை வீடுகளில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசி, ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சு பாளம் பாளமாக உரிந்து நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். வரலாறும் தெரிந்து சுவர் ஏன் உரிகிறது என்றும் தெரிந்த ஆட்கள் குறைவு. சென்னை ஐஐடியில் பழமையான கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எம்.ஏ. ஒன்றுதான் வழி என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விடத்தான் போகிறேன் என்றால், கல்விக் கடன் இருந்தால் கல்லூரிக்குச் சொல்வதற்கு முன் வங்கிக்குச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்தினால் தவணை முன்கூட்டியே தொடங்கலாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக்கான குழுவான ஏஐசிடிஇயும் சொல்லியிருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

அப்பா விஷயம். அரியர் கணக்கை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யார் வாய் வழியாகவும் அது அவர் காதுக்குப் போகக் கூடாது. ‘பிடிக்கவில்லை’ என்று ஆரம்பிக்காமல், எந்தப் படிப்பு, எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரே தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பேச்சு சூடானால், நம்ம ஊருக்கு 1952இல் பொறியியல் கல்லூரியைக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியார் தானே படித்தது ஆங்கில இலக்கியமும் சட்டமும்தான் என்று மெதுவாக எடுத்து விடுங்கள். அப்பா வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு பேசுங்கள், பசியோடு இருக்கும்போது வேண்டாம்.